எடை குறைந்த ஜப்பானியக் கார்: முதன்முறை வாங்கப்போகிறவருக்கு

1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில், மாஸ்டா ஒரு சின்ன இரண்டு இருக்கைக் காரைக் காட்சிக்கு வைத்தது. துணிக்கூரையைக் கையாலேயே மடிக்கலாம். 1.6 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 120 குதிரைத்திறன். வேகத்தை வைத்துப் பார்த்தால் அன்றைக்கே பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் எடை 950 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. பிரிட்டனில் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று ஊருக்கொரு பெயரில் விற்ற அந்தக் கார் வரிசை 2016 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தொட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான்.

அந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரும், அதே காலத்தில் ஜப்பானில் பிறந்த வேறு சில எடை குறைந்த கார்களும் இன்று ‘மாடர்ன் கிளாசிக்’, அதாவது பழமையின் மதிப்பு சேர்ந்த அண்மைக் காலக் கார் என்ற இடத்துக்கு வந்துவிட்டன. அப்படி ஒன்றை வாங்கி, ஓட்டி, பேணி வைக்க ஆசைப்படும் புதியவருக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பயன்படும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்

எடை குறைந்தால் சின்ன எஞ்சின் போதும். எஞ்சின் சின்னதானால் கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் சிறுக்கும். நிறுத்தவேண்டிய பாரம் குறைவு என்பதால் பிரேக்கும் சின்னதாக இருக்கலாம், டயரும் குறுகலாக இருக்கலாம். இவை எல்லாம் சிறுத்ததால் எடை இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்று குறைந்துகொண்டே வருவதன் பலன் ஓட்டுகிறவர் கைக்கு நேராக வந்து சேர்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்பும். சாலை சொரசொரப்பாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பது உள்ளங்கையில் தெரியும். 300 குதிரைத்திறன் காரில் சட்டத்தைத் தாண்டினால்தான் கிடைக்கிற விறுவிறுப்பு இந்தக் கார்களில் ஒரு சாதாரண மலைப்பாதையில், மூன்றாவது கியரில் கிடைத்துவிடும்.

இது ஜப்பானில் நடந்ததற்குக் காரணம் உண்டு. 1980களின் பிற்பாதியில் அங்கே பணம் பொங்கி வழிந்தது. லாபக் கணக்கு ஒத்துவராத திட்டங்களுக்குக்கூட நிறுவனங்கள் ஒப்புதல் கொடுத்தன. அதே 1989இல் ஹோண்டா, இன்டெக்ராவில் விடெக் எஞ்சினை, அதாவது உயர்சுற்றில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் எஞ்சினை, அறிமுகம் செய்தது. டர்போ இல்லாத 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன்! விபத்துப் பாதுகாப்பு விதிகள் இன்றைய அளவுக்கு இறுகாத காலம் அது. கதவுகள் மெலிசு, தூண்கள் மெலிசு, ஏர்பேக் பல கார்களில் கிடையாது. 1997இல் வந்த முதல் சிவிக் டைப் ஆர் (சிவிக்கின் வேகமான சிறப்பு வடிவம்) 1,050 கிலோவை ஒட்டியது. 2022இல் வந்த சிவிக் டைப் ஆர் சுமார் 1,430 கிலோ. புதிய கார் எல்லா விதத்திலும் வேகமானது, பத்திரமானது. ஆனால் அந்த எடைக்கு ஹோண்டாவே நினைத்தாலும் இனி திரும்பிப் போக முடியாது. பழைய காரை மக்கள் தேடுவது அதனால்தான்.

இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் மோதலில் இவை தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. குழந்தைகளைப் பள்ளியில் விடுகிற தினசரிக் காராக இதை வாங்காதீர்கள். இரண்டாவது காராகவே வாங்குங்கள்.

முதல் படி: எந்தக் கார்

புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வது முதல் தலைமுறை ரோட்ஸ்டர். ரசிகர் வட்டத்தில் இதை ‘என்ஏ’ என்பார்கள். 1989 முதல் 1997 வரை வந்தது. எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும்). கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இடைவெளி இல்லாமல் கார் பதில் சொல்வதற்கு அது ஒரு காரணம். 1993இல் 1.6 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக 1.8 லிட்டர் வந்தது, எடையும் கொஞ்சம் கூடியது. 1.6க்குச் சுறுசுறுப்பு, 1.8க்கு இழுவை. எதில் துரு குறைவோ அதை எடுங்கள், லிட்டர் கணக்கு அப்புறம்.

ரோட்ஸ்டரை முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணம் உதிரி பாகம். இவ்வளவு விற்ற கார் என்பதால் பிரேக் பேடு முதல் கூரைத் துணி வரை எல்லாம் கிடைக்கும். மாஸ்டாவே 2017இல் என்ஏ கார்களுக்கென்று ஜப்பானில் ஒரு புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, கூரைத் துணி, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் கால வடிவ டயர் என்று நின்றுபோன பாகங்களைத் திரும்பத் தயாரித்தது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையை (என்பி) பாருங்கள். எழுந்து படுக்கும் முன்விளக்கு இல்லை என்பதாலேயே பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓட்டத்தில் அண்ணன் தம்பிதான்.

முன்சக்கர இழுவையில் ஆசை என்றால் ஹோண்டா. 1995 இன்டெக்ரா டைப் ஆர் (டிசி2) 1.8 லிட்டரில் 200 குதிரைத்திறன், 1997 சிவிக் டைப் ஆர் (இகே9) 1.6 லிட்டரில் 185. இரண்டும் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிப் பாடும் எஞ்சின்கள். வளைவில் முன்சக்கரம் வழுக்காமல் இழுப்பதற்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. அருமையான கார்கள், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. போலிகளும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னும் சின்னதாகப் போகலாம். ஜப்பானில் வரிச் சலுகை பெறும் கெய் வகைக் காருக்கு 660 சிசி வரம்பு. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சம் 64 குதிரைத்திறன். அந்த வேலிக்குள் 1991இல் இரண்டு அற்புதங்கள் வந்தன. ஹோண்டா பீட் 760 கிலோ, எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், டர்போ இல்லாமலே 8,100 சுற்றில் அந்த 64ஐத் தொடும். சுசுகி கப்புசினோ 700 கிலோ, டர்போ, பின்சக்கர இழுவை. கூரையைத் துண்டு துண்டாகக் கழற்றி டிக்கியில் வைக்கலாம். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

டொயோட்டா ஏஇ86? 1983 முதல் 1987 வரை வந்த லெவின், ட்ரூனோ. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவைக் கடக்கும் ட்ரிஃப்ட் கலைக்கே அடையாளமான கார். ரேஸ் ஓட்டுநர் கெய்ச்சி சுச்சியா இதில்தான் புகழ்பெற்றார், அப்புறம் ஒரு காமிக்ஸ் தொடர் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. விலை இன்று காரின் தகுதியைத் தாண்டி, புகழின் உயரத்தில் நிற்கிறது. நாற்பது வயதான அந்தக் கார்களில் இடிபடாத, துருப்பிடிக்காத உடல் அரிது. முதல் காராக இதை வேண்டாம் என்பேன். ரோட்ஸ்டரில் சில வருடம் கை பழகட்டும்.

இவ்வளவு செலவு முடியாதென்றால் 2005க்குப் பின் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை யோசிக்கலாம். அதிலும் 2017இல் வந்த தலைமுறை ஜப்பானில் 970 கிலோதான், 140 குதிரைத்திறன் டர்போ. இன்னும் யாரும் இதைக் கிளாசிக் என்று சொல்லவில்லை. என் கணிப்பில் சொல்லப்போகிறார்கள்.

இரண்டாம் படி: உங்கள் நாட்டு விதி

ஜப்பானில் கார்கள் ஏன் இவ்வளவு நல்ல நிலையில் வெளியே வருகின்றன? புதுக் காருக்கு மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கொரு முறையும் ‘ஷாக்கென்’ எனும் கடுமையான சோதனை. பெட்ரோல் காருக்கு 13 வயதைத் தாண்டினால் ஆண்டு வரியும் ஏறும். அதனால் நன்றாக ஓடும் காரையே பலர் கைவிடுகிறார்கள், அவை ஏலத்துக்கும் அங்கிருந்து ஏற்றுமதிக்கும் போகின்றன.

அமெரிக்காவில் 25 வயது நிரம்பிய கார் என்றால் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. கனடாவில் 15 வயது போதும். ஆஸ்திரேலியாவில் இப்போது 25. பிரிட்டனில் பத்து வயதைத் தாண்டிய காருக்குத் தனி ஒப்புதல் சோதனை தேவையில்லை. மாகாணத்துக்கு மாகாணம் பதிவு விதியும் காப்பீடும் மாறும். வலப்பக்க ஸ்டியரிங் காருக்குக் காப்பீடு தருவார்களா என்பதைக் கனடாவில் இருப்பவர்கள் கார் தேடும் முன்பே ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய மூன்று வயது வரம்பு உண்டு, வரியும் மலைக்க வைக்கும். ஆனால் எடை குறைந்த ஜப்பானியக் கார் இந்தியாவில் இல்லாமல் போகவில்லை. மாருதி எஸ்டீம் அப்படிப்பட்ட ஒன்று. 1.3 லிட்டர், பிந்தைய மாடலில் 85 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்குள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்திலும் கோயம்புத்தூரிலும் பல வருடம் போட்டிகளில் ஓடிய கார் அது. 2000இல் வந்த ஹோண்டா சிட்டி விடெக் 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன் கொடுத்தது. இந்த இரண்டில் துருப்பிடிக்காத, மாற்றம் செய்யாத ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: ஏலத் தாளைப் படிக்கப் பழகுங்கள்

ஜப்பானிலிருந்து நேராக எடுக்கிறீர்கள் என்றால் காரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஏல நிலையத்தின் பரிசோதகர் எழுதிய ஒரு தாள்தான் உங்கள் கண். அதில் ஒரு மொத்த மதிப்பெண் இருக்கும். 30 வயதுக் காருக்கு 4 என்றால் மிக நன்று, 3.5 நன்று, 3 என்றால் வேலை இருக்கிறது. ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றிருந்தால் உடலின் முக்கியமான பகுதி இடிபட்டுச் சரிசெய்யப்பட்ட கார். உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று தனி எழுத்து.

மதிப்பெண்ணைவிட முக்கியம் காரின் படத்தில் குறித்திருக்கும் எழுத்துகள். ஏ என்றால் கீறல், யு என்றால் சொட்டை, டபிள்யு என்றால் டிங்கர் வேலை செய்து பெயின்ட் அடித்த அலை, எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றப்பட்ட பாகம். பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடப் பாதிப்பும் கூடும். ஏ1, யு1 எத்தனை இருந்தாலும் கவலைப்படாதீர்கள். முப்பது வருடம் ஓடிய காரில் அது சகஜம். எஸ், சி இரண்டும் வந்தால் நில்லுங்கள். பரிசோதகர் கையால் கிறுக்கிய குறிப்பு வரிகளைக் கட்டாயம் மொழிபெயர்த்து வாங்குங்கள். அடிப்பாகத் துருவைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். ஹொக்காய்டோ, தொஹோக்கு போன்ற பனிப் பகுதிகளில் சாலையில் உப்பு தூவுவார்கள், அந்தப் பக்கம் பதிவான கார் என்றால் அடிப்பாகப் படம் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள்.

நான்காம் படி: நேரில் பார்க்கும்போது

உள்ளூரில் வாங்குகிறீர்கள் என்றால் டார்ச், சின்ன காந்தம், தண்ணீர் பாட்டில், முழங்காலிட ஒரு துணி இவற்றோடு போங்கள். பகலில் போங்கள். மழை பெய்து கார் நனைந்திருந்தால் இன்னொரு நாள் போங்கள், ஈரம் பெயின்ட் குறையை எல்லாம் மறைத்துவிடும். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தையும் புகையையும் உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரோட்ஸ்டரில் முதலில் பார்க்கவேண்டியது கதவுக்கு அடியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதி. அதற்கு ‘சில்’ என்று பெயர். காரின் பலத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது, கூரை இல்லாத கார் என்பதால் இன்னும் அதிகம். அதன் பின்கோடியை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், விரலால் அழுத்திப் பாருங்கள். கொப்புளம், நெகிழ்வு, பொருந்தாத பெயின்ட் இருந்தால் உள்ளே அரித்திருக்கிறது. காரணம் கூரைதான். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலைகளில் உள்ள வடிகால் குழாய் வழியே இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் வழிந்து சில்லுக்குள் தங்கும், அங்கேயே வருடக்கணக்கில் நிற்கும். கொண்டுபோன பாட்டில் தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் சொட்டாவிட்டால் பேரத்தை விடுங்கள், அல்லது வெல்டிங் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

காந்தத்தைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவுகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்கள். பானட்டில் ஒட்டாது, பதற வேண்டாம். என்ஏவின் பானட் எடையைக் குறைக்க அலுமினியத்தில் செய்தது. இரண்டாம் தலைமுறை என்றால் காரைத் தூக்கி முன்பக்கச் சட்டங்களையும் பார்க்க வேண்டும், அவை உள்ளிருந்து துருப்பிடிப்பதில் பேர்போனவை. டிக்கியில் பேட்டரி இருக்கும். அதன் அடியிலும் சுற்றிலும் அமிலம் தின்ற தடம் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து எஞ்சின். முதல் இரண்டு வருடத்து 1.6 கார்களில் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையாக இருக்கும். அங்கே உள்ள போல்ட் தளர்ந்தால், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிப் பள்ளம் தேய்ந்து, தண்டே கெட்டுப்போகும். கீழே உள்ள பெல்ட் புல்லியின் முகப்பில் இருக்கும் துளைவெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் பிறகு வந்த நீண்ட முனை. நான்கு என்றாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஒழுங்காக இறுக்கியவை இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் விலகுங்கள்.

மேலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்து வால்வைத் தள்ளும் சின்னப் பாகம். நல்ல ஆயில் மாற்றினால் பல சமயம் அடங்கும். எஞ்சினின் பின்பக்கம் எண்ணெய் வழிந்தால் விற்பவர் ‘கிராங்க் சீல், பெரிய செலவு’ என்பார், அல்லது ‘எல்லாக் காரிலும் இருப்பதுதான்’ என்பார். எஞ்சின் தலையின் பின்னால் கேம் சென்சார் இருக்கிறது. அதன் ஒரு சின்ன ரப்பர் வளையம் காய்ந்துபோனாலும் எண்ணெய் அதே இடத்தில்தான் வழியும். சில ரூபாய் வளையமா, கியர்பாக்ஸைக் கழற்றும் வேலையா என்று டார்ச் அடித்து எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்பகுதி கறுப்பாக இருந்தால் சரி. பழுப்பேறியிருந்தால் வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை.

ஹோண்டாக்களில் சோதனை அடையாளத்திலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண சிவிக்கில் சிவப்புச் சின்னமும் சிவப்பு ரெக்காரோ இருக்கையும் மாட்டி டைப் ஆர் என்று விற்பவர்கள் உண்டு. ஜப்பானிய சேசிஸ் எண் மாடல் குறியீட்டோடு தொடங்கும். உண்மையான சிவிக் டைப் ஆர் என்றால் பானட்டுக்குள் பின்சுவரில் ‘இகே9’ என்று பொறித்திருக்கும், எஞ்சின் எண் ‘பி16பி’ என்று தொடங்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் அது வேறு கார், விலையும் வேறு. ஏஇ86இலும் இதே கதை. குறைந்த திறன் எஞ்சினோடு வந்த ஏஇ85 உடலில் பெரிய எஞ்சினை ஏற்றியவை ஏராளம். மற்றபடி ஹோண்டாவில் பின்சக்கர வளைவுத் துருவையும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக மாற்றும்போது கியர் கரகரக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆயில் முழுதாகச் சூடேறிய பிறகே உயர்சுற்றுக்குப் போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கிக் காட்டும் உரிமையாளரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. மாற்றம் செய்யாத கார், தாள்களும் பழைய ரசீதுகளும் உள்ள கார், ஓடோமீட்டரில் அதிகம் காட்டினாலும், பளபளக்கும் மாற்றங்களோடு குறைவாக ஓடிய காரைவிட நல்லது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வேறொன்று வாங்கி மாட்டலாம். உடல் போனால் கார் போனது.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்ப்பது

ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நேர்சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒருபக்கம் இழுக்கக்கூடாது. கிளட்ச் பெடல் மிதித்தால் பாதியில் உறுதி தர வேண்டும். தரையோடு போய் ஒட்டினால் ரோட்ஸ்டரில் அது கிளட்ச் சிலிண்டர் கசிவு, மலிவான வேலை, ஆனால் விலை பேச உதவும். மேடு பள்ளத்தில் கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் நடுங்குவது கூரையில்லாத காரின் இயல்பு. கதவு உரசும் அளவுக்கு ஆடினால் சில்லைத் திரும்பப் போய்ப் பாருங்கள். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எழுகின்றனவா என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: பணம்

கையில் உள்ள முழுத்தொகைக்கும் கார் வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். கடன் வாங்கி, விலை ஏறும் என்று நம்பி இறங்குவதை நான் எந்த நாளும் பரிந்துரைக்க மாட்டேன். காப்பீட்டில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறை இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணக் காப்பீட்டில் முப்பது வருடக் கார் திருடுபோனால் அற்பத்தொகைதான் வரும். இந்த முறையில் படம், ரசீது காட்டி முன்பே ஒரு மதிப்பை எழுதிக்கொள்ளலாம். டைப் ஆர் வாங்கினால் திருட்டுக்கு எதிரான பூட்டும் டிராக்கரும் முதல் செலவு. அந்தக் கார்களைக் குறிவைத்தே திருடுகிறார்கள்.

ஏழாம் படி: முதல் மாதம்

பழைய உரிமையாளர் ‘போன வருடம்தான் மாற்றினேன்’ என்று சொன்னால், ரசீது இல்லாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டையும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். ரோட்ஸ்டரில் பெல்ட்டின் ஆயுள் சுமார் 1,00,000 கிலோமீட்டர். அதன் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, கார் நின்றுவிடும், அவ்வளவுதான். ஹோண்டாவில் அப்படி இல்லை. அறுந்தால் வால்வுகள் வளையும்.

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். ரப்பர் குழாய்கள் வயதால் கெடுபவை, ஓடாமல் நின்ற காரிலும் கெட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள். இவ்வளவு எடை குறைந்த காரில் டயர் இறுகிப்போனால் மழையில் பிடிமானம் சுத்தமாக இருக்காது. காற்று அளவும் முக்கியம். என்ஏ ரோட்ஸ்டருக்கு 26 பிஎஸ்ஐ போதும். பக்கத்துக் கடையில் பழக்கத்தில் 33 வைத்துவிடுவார்கள், கார் துள்ளும்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றி வீல் அலைன்மென்ட் செய்துவிட்டால் முப்பது வயதுக் கார் சட்டென்று இளமைக்குத் திரும்பும். செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு ஈடான வேலை வேறில்லை.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

நல்ல பிரேக் பேடு, நல்ல டயர், கூரையில்லாத காருக்குத் தரமான ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு). இவை செய்யலாம். 17 அங்குலச் சக்கரம் வேண்டாம். 14 அங்குலச் சக்கரத்துக்கும் 185 டயருக்கும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்த கார் இது. சக்கரம் கனத்தால் ஸ்டியரிங் மந்தமாகும், சஸ்பென்ஷன் திணறும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் அப்படித்தான். பெரிய சவுண்ட் சிஸ்டம், கனமான மின்சார இருக்கை இவற்றால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குணத்தைக் கரைக்கும். டர்போ மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு வருடம் இருப்பதை வைத்து ஓட்டிய பிறகும் அந்த ஆசை இருந்தால் அப்போது யோசிக்கலாம். எதைக் கழற்றினாலும் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். விற்கும் நாளில் அந்தப் பெட்டிக்கு விலை உண்டு.

கடைசிப் படி: ஓட்டப் பழகுவது

இந்தக் கார்களில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி கிடையாது, பலவற்றில் ஏபிஎஸ்ஸும் இல்லை. பின்சக்கர இழுவையும் குட்டையான உடலும் சேர்ந்தால், ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலே பின்பக்கம் சுற்றி வந்துவிடும். பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே முடியுங்கள். வளைவுக்குள் காலை மெதுவாக அழுத்தி வெளியே வாருங்கள்.

இதைப் பழகப் பொதுச் சாலை வேண்டாம். பக்கத்தில் ரேஸ் தளம் இருந்தால் சொந்தக் காரை அங்கே ஓட்டவிடும் டிராக் நாட்களில், புதியவர்களுக்கான ஒன்றில் பயிற்றுநரோடு பதிவுசெய்யுங்கள். போகும் முன் பிரேக் ஆயில் புதிதா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, இழுவைக் கொக்கி கையில் இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் உருளும் ஜாக்கியையும் சாமானையும் இறக்கிவிடுங்கள். சாலைக் காப்பீடு டிராக்கில் பெரும்பாலும் செல்லாது, ஒரு நாளுக்கு மட்டும் தனிக் காப்பீடு கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். துணிக்கூரைக் காருக்குச் சில தளங்களில் ரோல் பார் கட்டாயம், அதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.